விரைவு நிலையேற்றமும் வாசிப்பும்: 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' பனுவலை முன்வைத்து

முன்னுரை

இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள், பல்லாயிரவர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகினுள் புகுந்து, தாம் படைத்த பாத்திரங்களின் வழியே இயங்கும் களங்களாகும். அங்கு ஒவ்வொரு பாத்திரமும் முதல் நிலையில் தொடங்குகிறது. பகைவரை வென்றும் பணிகளை முடித்தும் பட்டறிவுப் புள்ளிகளைச் சேர்க்கிறது. புள்ளிகள் குறித்த அளவை எட்டியதும் அடுத்த நிலைக்கு உயர்கிறது. இவ்வுயர்வை 'நிலையேற்றம்' என்றும், அதனைக் குறுகிய காலத்தில் முடித்துக்கொள்ள மேற்கொள்ளப்படும் உத்திகளை 'விரைவு நிலையேற்றம்' என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. ஆட்டக்காரர் வழக்கில் இது 'பவர் லெவலிங்' எனப்படும்.

இன்பத்திற்காக ஆடப்படும் ஒன்றை விரைந்து முடித்துவிட ஏன் முனைய வேண்டும் என்பது இங்கு இயல்பாக எழும் வினா. இதற்கு இரண்டு விடைகள் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. ஆட்டக்காரரின் பொறுமையின்மையே காரணம் என்பது ஒன்று. வணிக நிறுவனங்களின் சூழ்ச்சியே காரணம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஓரளவு பொருந்துவனவே. எனினும், பனுவலின் அமைப்பை இவை கருத்திற் கொள்வதில்லை. நிலையேற்றப் பாதை என்பது எழுத்தாலும் நிலக்காட்சியாலும் நிகழ்ச்சிகளாலும் ஆன ஒரு பனுவல். அதனை விரைந்து கடப்பதும் ஒருவகை வாசிப்பே. அவ்வாசிப்பு எப்போது வாசிப்பாக நிற்கிறது, எப்போது வாசிப்பல்லாத வேறொன்றாக மாறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குரிய பனுவலாகப் பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கொள்ளப்படுகிறது. இருபதாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து திருத்தப்பட்டும் விரிக்கப்பட்டும் வரும் இதன் வரலாறு, ஒரு நூலின் பதிப்பு வரலாற்றைப் போலவே பாட வேறுபாடுகள் நிறைந்தது. அவ்வேறுபாடுகளுள் பெரும்பாலானவை நிலையேற்றத்தின் வேகத்தையே மையமாகக் கொண்டவை என்பது இத்தேர்வுக்குரிய காரணமாகும்.

நிலை என்னும் அளவுகோல்

பாத்திரத்தின் வளர்ச்சியை எண்ணால் அளக்கும் முறை கணினிக்கு முற்பட்டது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் பட்டறிவுப் புள்ளியும் நிலையும் இடம்பெற்றன. அங்கு, ஆட்டத்தை நடத்தும் நடுவர் ஒருவர் உண்டு. கதையை விரிப்பவரும் சுருக்குபவரும் அவரே. எவ்வளவு புள்ளி வழங்குவது, எப்போது வழங்குவது என்பனவற்றில் அவருடைய மதிப்பீடு கலந்திருந்தது. எனவே, எண் கதைக்கு அடங்கியிருந்தது.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் எழுத்துவழி உலகில் நடுவரின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. புள்ளிகளைச் சேர்த்து மேல்தரத்தை எட்டியவர் 'விசர்ட்' ஆனார். அந்நிலையை அடைந்தவர்க்கு உலகையே மாற்றும் ஆற்றல் வழங்கப்பட்டது. உச்சநிலையை அடைவதே ஆட்டத்தின் நோக்கமாகவும் ஒருவகையில் அதன் முடிவாகவும் அமைந்தது. அத்துடன், புள்ளி வழங்குபவர் மனிதராக இல்லாத இடத்தில் புள்ளி முற்றிலும் கணக்காகிறது. கணக்கானதைக் கணித்து முந்தலாம். நடுவரிடம் முந்த இயலாது. விரைவு நிலையேற்றத்தின் வேர் இம்மாற்றத்தில்தான் உள்ளது.

1999இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' நிலையேற்றத்தைக் கடுந்தவமாக அமைத்தது. அங்கு இறந்த பாத்திரம் புள்ளிகளை இழந்தது. பெற்ற நிலையையே இழக்கவும் நேரிட்டது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இக்கடுமையைத் தளர்த்தியது. இறந்தவர் ஆவியாக இடுகாட்டில் தோன்றித் தம் உடலை நோக்கி நடந்துசென்று மீள்கிறார். புள்ளியிழப்பு இல்லை. அதற்கும் மேலாக, ஒரே இடத்தில் நின்று விலங்குகளைக் கொன்றுகொண்டிருப்பதற்கு மாற்றாகக் 'குவெஸ்ட்' எனப்படும் பணிகள் தொடக்கம் முதல் இறுதிநிலை வரை நிரப்பப்பட்டன. ஒவ்வொரு பணியும் ஒரு சிறுகதை. ஓர் ஊரார் தம் குறையைச் சொல்கிறார். ஆட்டக்காரர் அதைத் தீர்க்கிறார். மீண்டுவந்து புள்ளியும் பொருளும் பெறுகிறார். நிலையேற்றம் என்பது இக்கதைகளின் தொடர்ச்சியாயிற்று.

எழுத்தும் அறிவுறுத்தலும்

இக்கதைகளின் எழுத்து வடிவம் தனித்து நோக்கத்தக்கது. இவ்விளையாட்டின் வடிவமைப்பாளருள் ஒருவரான ஜெஃப் கேப்லன், 2009ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் நிகழ்த்திய உரையில், பணி ஒன்றின் எழுத்து 511 எழுத்துருக்களுக்குள் அமைய வேண்டும் என்னும் வரம்பு இருந்ததைக் குறிப்பிட்டார். விளையாட்டாளர் நாவலாசிரியராகவோ திரைக்கதையாசிரியராகவோ ஆகிவிட விரும்பும் போக்கையும் அவர் அவ்வுரையில் கண்டித்தார். ஆக, எழுதியவர் தரப்பிலேயே எழுத்தின் மீது ஓர் ஐயம் இருந்துள்ளது.

தொடக்ககாலப் பதிப்பில் பணியின் எழுத்து ஒரே நேரத்தில் திரையில் தோன்றுவதில்லை. சொல்பவர் பேசும் கதியில் சிறிது சிறிதாகத் தெளிந்து வரும். ஆட்டக்காரர் காத்திருந்து படிக்க வேண்டும். ஆனால், எழுத்து முழுவதையும் உடனே காட்டுக என்னும் தெரிவும் அமைப்புப் பட்டியலில் வழங்கப்பட்டிருந்தது. விரைவு நிலையேற்றத்தில் ஈடுபடுவோர் முதலில் மாற்றுவது இத்தெரிவையே. எழுத்து உடனே தோன்றச் செய்யப்பட்டது விரைந்து படிப்பதற்காக அன்று. படிக்காமல் கடப்பதற்காகவே ஆகும்.

படிக்காமல் கடத்தல் எவ்வாறு இயல்கிறது? ஒவ்வொரு பணியிலும் இரண்டு அடுக்குகள் உள்ளன. ஊராரின் குறையைச் சொல்லும் கதைப்பகுதி ஒன்று. எதனை எத்தனை கொண்டுவர வேண்டும் என்று ஓரிரு வரியில் சுருக்கிச் சொல்லும் அறிவுறுத்தற்பகுதி மற்றொன்று. பின்னதை மட்டும் கொண்டே பணியை முடித்துவிடலாம். மூலமும் அதன் பொழிப்பும் அடுத்தடுத்து அச்சிடப்பட்ட நூலில், தேர்வுக்குப் பொழிப்பே போதும் என்றால் மாணவர் எதைப் படிப்பர் என்பதை அறிய நெடிய ஆய்வு தேவையில்லை. கதைப்பகுதி படிக்கப்படாமைக்கு ஆட்டக்காரரின் ஆர்வமின்மை மட்டும் காரணமன்று. தன் கதையைத் தானே தேவையற்றதாக்கிக்கொண்ட பனுவலின் அமைப்பும் காரணமாகும்.

வழிகாட்டிகளும் ஆற்றுப்படை மரபும்

விரைவு நிலையேற்றத்தின் முதன்மையான எழுத்து வெளிப்பாடு வழிகாட்டி நூல் ஆகும். 'ஜோவானா' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட ஆட்டக்காரர், அன்றைய உச்சமான 60ஆம் நிலையை 4 நாள் 20 மணி ஆட்ட நேரத்தில் எட்டினார். பெரும்பாலான ஆட்டக்காரர்க்குப் பல வாரங்களோ மாதங்களோ பிடித்த பாதை அது. அவர் தாம் சென்ற வழியைப் படிப்படியாக எழுதி வைத்தார். இத்தகைய வழிகாட்டிகள் பலவும் பின்னர்த் தோன்றின.

பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், அதனைப் பெறாத மற்றொருவர்க்குத் தாம் சென்ற வழியைச் சொல்லி ஆற்றுப்படுத்தும் அமைப்பு தமிழ் மரபிற்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். இவ்விருவகை எழுத்துகளுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும், வகைமை அளவில் இரண்டையும் ஒப்பிடுவது வழிகாட்டியின் இயல்பைத் தெளிவுபடுத்த உதவும்.

பெற்றவர் பெறாதவர்க்கு உரைத்தல், முன்னிலைக் கூற்று, செல்லும் வழியின் வரிசைமுறை, வழியின் இடர்களை எச்சரித்தல் ஆகியன இரண்டிற்கும் பொது. மலைபடுகடாம் மலைவழியின் ஏதங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது போலவே, எந்தக் குகையில் எத்தனை பகைவர் மறைந்திருப்பர் என்பதை வழிகாட்டியும் சொல்கிறது. வேறுபாடு வழியின் மதிப்பில் உள்ளது. பெரும்பாணாற்றுப்படையில் புரவலனின் ஊரை அடையும் முன்னரே எயினர், ஆயர், உழவர் எனப் பல நிலத்து மக்களும் பாணனை விருந்தோம்புகின்றனர். வழியே பாதிப் பரிசில். விளையாட்டு வழிகாட்டியிலோ ஊர் என்பது ஆயத்தொலை எண்ணாகவும், மக்கள் என்போர் பணி தரும் புள்ளிகளாகவும் சுருங்கிவிடுகின்றனர்.

எனினும், வழிகாட்டியை எழுதியவரை ஆழமற்ற வாசகர் எனத் தள்ளிவிட இயலாது. எந்தப் பணிகளை ஒருசேர ஏற்று ஒரே சுற்றில் முடிக்கலாம், கொல்லப்பட்ட விலங்கு எவ்வளவு நேரத்தில் மீண்டும் தோன்றும், நினைத்தவுடன் தங்குமிடத்திற்குத் திருப்பியனுப்பும் கல்லை எந்த விடுதியில் பதித்துவைக்க வேண்டும் என்பனவெல்லாம் அவர் அறிந்தவை. இறப்பையும் அவர் பயன்படுத்தத் தவறுவதில்லை. ஓரிடத்தில் வேண்டுமென்றே மடிந்து, செல்ல வேண்டிய ஊருக்கு அருகிலுள்ள இடுகாட்டில் எழுந்து, நடக்கும் தொலைவைக் குறைத்துக்கொள்ளும் உத்தி வழிகாட்டிகளில் காணப்படும் ஒன்று. தண்டனையாக அமைக்கப்பட்ட இறப்பு இங்கு ஊர்தியாகிறது. பனுவலை இத்துணை நுணுகி அறிந்தவர் அதன் கதையைப் படிக்காதவராக இருத்தல் கூடும். ஆனால், அதன் அமைப்பை அவரைப் போல் படித்தவர் இலர்.

எவர்குவெஸ்ட் ஆட்டக்காரரை ஆராய்ந்த டி.எல். டெய்லர், 2006இல் வெளிவந்த தம் நூலில், இத்தகைய தீவிர ஆட்டக்காரர்க்குத் திறனும் கணக்கும் கூட்டு முயற்சியும் இன்பந்தருவன என்பதையும், அவர்களைத் தனித்து ஒதுங்கியவராகக் காண்பது பிழை என்பதையும் நிறுவியுள்ளார். முயன்று கடக்கப்பட வேண்டிய பனுவல்களைக் குறிக்க எஸ்பென் ஆர்செத் 1997இல் முன்வைத்த 'எர்கோடிக்' என்னும் கருத்தாக்கமும் இதனோடு பொருந்துகிறது. கடத்தலுக்குரிய முயற்சியே வாசிப்பெனின், அம்முயற்சியைச் செம்மைப்படுத்துவதும் வாசிப்பின்பாற்படும்.

கதைகூறலின் கதி

கதை நிகழும் காலத்திற்கும் கதை சொல்லப்படும் காலத்திற்கும் உள்ள உறவை ழெரார் ழெனெட் 1972இல் நான்கு வகையாகப் பகுத்தார். அவை இடைநிறுத்தம், காட்சி, தொகுப்புரை, விடுபாடு என்பன. நிலையேற்றத்தின் வேகத்தை அளக்க இப்பகுப்பு பெரிதும் பயன்படுகிறது.

நிலக்காட்சியை நோக்கி நிற்றல், புள்ளி தராத உரையாடல் முதலியன இடைநிறுத்தம் ஆகும். பணியின் கதையைப் படித்து அதனை முறைப்படி முடித்தல் காட்சி ஆகும். புள்ளிப் பெருக்கம் பெற்றுக் குறைந்த பணிகளால் நிலை கடத்தல் தொகுப்புரையாகும். நிலைகளை ஒட்டுமொத்தமாகத் தாண்டுதல் விடுபாடு. புனைகதையில் இந்நான்கையும் தீர்மானிப்பவர் கதைசொல்லி. இங்குத் தீர்மானிப்பவர் வாசகர். கதைசொல்லிக்குரிய உரிமை வாசகர் கைக்கு மாறியிருப்பது இவ்வடிவத்தின் சிறப்பியல்பாகும்.

இவ்வுரிமைக்குப் பனுவலின் பதிப்பு வரலாறு படிப்படியாக இடமளித்து வந்துள்ளது. 2008 ஆகஸ்டில், புதியவர் ஒருவரை அழைத்துவந்து உடன் ஆடுவோர்க்குப் புள்ளி மும்மடங்காக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான விரிவாக்கத்தில் 'ஹேர்லூம்' எனப்படும் வழிவழிப் பொருள்கள் வந்தன. அன்று ஒருவர் தம் மூத்த பாத்திரம் ஈட்டிய செல்வத்தால் வாங்கிய ஆடையை இளைய பாத்திரத்திற்கு அணிவித்தபோது, அதன் புள்ளி வரவு உயர்ந்தது. முதல் பாத்திரம் நடந்தே தீர வேண்டிய வழியை இரண்டாம் பாத்திரம் மரபுரிமையாகப் பெற்ற வசதியால் விரைந்து கடந்தது. 2009 டிசம்பரில், பணி நிகழுமிடத்தைக் காட்டும் குறிகள் விளையாட்டின் வரைபடத்திலேயே சேர்க்கப்பட்டன. அதுவரை புறத்தே நின்ற வழிகாட்டி அன்று முதல் பனுவலின் உறுப்பாயிற்று.

2010 டிசம்பரில் வெளிவந்த 'கேட்டகிளிசம்' விரிவாக்கத்தின் முரண் குறிப்பிடத்தக்கது. பழைய நிலங்களின் கதைகள் அதில் புதிதாக எழுதப்பட்டன. தனித்தனிப் பணிகளாக இருந்தவை தொடர்கதைகளாகக் கோக்கப்பட்டன. எழுத்தின் தரம் உயர்ந்தது. ஆனால், நிலையேற்றத்தின் வேகமும் கூட்டப்பட்டிருந்தமையால், ஒரு நிலத்தின் கதை முடியுமுன்னரே பாத்திரம் அந்நிலத்திற்குரிய நிலையைக் கடந்துவிட்டது. கதையை முடிக்க விரும்பியவர் பயனற்ற புள்ளிக்கு ஆட வேண்டியதாயிற்று. பயனை விரும்பியவர் கதையைப் பாதியில் விட்டுச் சென்றார். சிறந்த உரைநடையும் அதனைப் படிக்கவொட்டாத கதியும் ஒரே பதிப்பில் இணைந்திருந்தன. பகைவரின் வலிமை ஆட்டக்காரரின் நிலைக்கேற்ப மாறுமாறு 2018 ஜனவரியில் செய்யப்பட்ட திருத்தமே இம்முரணை ஓரளவு நீக்கியது.

தன்வினையும் பிறவினையும்

இதுவரை கூறிய உத்திகளில் செய்பவர் ஆட்டக்காரரே. இலக்கணத்தின் சொல்லால் கூறின் இவை தன்வினைகள். விரைவு நிலையேற்றத்தின் மற்றொரு பெரும்பிரிவு பிறவினை. நிலவறை ஒன்றினுள் வலிமை மிக்க மந்திரவாதிப் பாத்திரம் பகைவர் அனைவரையும் ஒருங்கே திரட்டி அழிக்க, கீழ்நிலைப் பாத்திரம் வாயிலருகே வாளா நின்று புள்ளி பெறும் முறை இதற்குச் சான்று. இதற்கு விளையாட்டுப் பொன் கூலியாகத் தரப்படுகிறது. பயனிலை நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. எழுவாயோ செயலற்று நிற்கிறது.

இதனினும் கடந்தது, தம் கணக்கையே பிறரிடம் ஒப்படைத்துப் பணம் கொடுத்து உயர்த்திக்கொள்ளும் முறை. இதனைத் தொழிலாகச் செய்யும் நிலையங்கள் தோன்றின. விளையாட்டுப் பொன்னை ஈட்டி விற்கும் தொழிலும் இதனோடு பிறந்ததே. சீனாவின் நான்ஜிங் நகரில் இத்தகைய பொன் ஈட்டும் தொழிலாளரை நேரிற் கண்டு, ஜூலியன் டிபெல் 2007 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கூலிக்கு ஆடியவர்கள், பணி முடிந்தபின் இணைய நிலையத்திற்குச் சென்று அதே விளையாட்டைத் தம் விருப்பிற்காக ஆடினர் என்பது அக்கட்டுரை தரும் செய்தி. விளையாட்டையும் உழைப்பையும் செயலின் தன்மை பிரிப்பதில்லை, யார் பொருட்டுச் செய்யப்படுகிறது என்பதே பிரிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. வழக்கமான வாழ்வும் ஊதியமும் ஊடுருவுமிடத்தில் விளையாட்டு சிதைகிறது என்று ரோஜர் கெய்வா 1958இல் கூறிய கருத்து, அதே விளையாட்டு உழைப்பிலிருந்து மீளும் இடமாகவும் அமையும் இந்நிலையை முழுமையாக விளக்கப் போதுமானதன்று.

பிறவினை நிலையேற்றத்தை நிறுவனம் தன் விதிகளால் தடுத்து வந்தது. கணக்கைப் பிறர்க்கு அளித்தல் குற்றமாகக் கொள்ளப்பட்டது. அரசுகளும் இதில் தலையிட்டன. தென்கொரியாவில் 2018 இறுதியில் இயற்றப்பட்டு 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், ஆதாயத்திற்காகப் பிறர்பொருட்டு ஆடி அவர்தம் தரத்தை உயர்த்துவதை 2 ஆண்டு வரை சிறையோ 2 கோடி வொன் வரை தண்டமோ விதிக்கத்தக்க குற்றமாக்கியது.

ஆனால், 2014இல் நிறுவனம் தானே 90ஆம் நிலைக்கு உடனடியாக உயர்த்தும் சேவையை 60 டாலர் விலையில் விற்கத் தொடங்கியது. ழெனெட் கூறும் விடுபாடு விலைப்பொருளானது. நிலையேற்றத்தின் மதிப்பைக் குறைத்துவிடக் கூடாது என்பதாலேயே விலை உயர்வாக வைக்கப்பட்டது என நிறுவனத்தார் விளக்கினர். இவ்விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வழியின் மதிப்பைக் காக்க அவ்வழியைத் தவிர்ப்பதற்கு உயர்ந்த விலை வைக்கப்படுகிறது. மதிப்பு என்னும் சொல் இங்குக் கதையினின்று விலகி விலையைக் குறிப்பதாகிவிட்டது. முன்பு பிறர் செய்தபோது குற்றமாக இருந்தது, உரிமையாளர் செய்தபோது சேவையாயிற்று. 2022 ஜனவரி இறுதியில், பல களங்களில் அமைப்பாகத் திரண்டு பொன்னுக்கு நிலையேற்றும் குழுக்களை நிறுவனம் தடைசெய்தது. பிறவினை தவறென்பதன்று இவ்விதிகளின் உட்கிடை. பிறவினையின் ஆதாயம் யாருக்கு என்பதே வினா.

காலத்தின் ஆட்சி

நிலையேற்றத்தின் விலை இறுதியில் காலத்தால் அளக்கப்படுவது. இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோர் சராசரியாக வாரத்திற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் செலவிடுவதை நிக் யீ தம் ஆய்வுகளில் காட்டியுள்ளார். விளையாட்டு எவ்வாறு பணியின் சாயலைப் பெறுகிறது என்பது 2006இல் அவர் எழுதிய கட்டுரையின் பொருள்.

காலத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சி பனுவலின் உள்ளும் உண்டு. விடுதியிலோ நகரிலோ பாத்திரத்தை விட்டுச் செல்வோர்க்கு 'ஓய்வுப் புள்ளி' சேர்கிறது. 8 மணி நேர ஓய்வு ஒரு நிலையின் 5 விழுக்காட்டளவு சேர்க்கும். அவ்வளவு தீரும்வரை கொன்ற பகைக்குப் புள்ளி இரட்டிப்பாகும். சோதனைக் காலத்தில் இதே ஏற்பாடு, நெடுநேரம் ஆடுவோர்க்குப் புள்ளி குறையும் தண்டனையாக முன்வைக்கப்பட்டு வெறுப்பைப் பெற்றது. பின்னர் ஓய்ந்தவர்க்குப் பரிசு என மாற்றிச் சொல்லப்பட்டபோது வரவேற்பைப் பெற்றது. சொல்முறை ஒன்றே மாறியது. சீனாவில் 2007இல் சிறார்க்கு நடைமுறைப்படுத்தப்பட்ட களைப்புத் தடுப்பு முறையோ தண்டனையைத் தண்டனையாகவே வைத்தது. மூன்று மணி நேரத்திற்குப் பின் வரவு பாதி, ஐந்து மணி நேரத்திற்குப் பின் வரவே இல்லை. ஆட்டத்தை நிறுத்த அரசு கண்ட வழி புள்ளியை நிறுத்துவதே என்பது, புள்ளியே ஆட்டத்தின் உயிர் என அரசும் ஏற்றுக்கொண்டமையைக் காட்டுகிறது.

இப்புள்ளி மையப்போக்கை எள்ளும் படைப்பாக 2002இல் 'புரோகிரஸ் குவெஸ்ட்' வெளிவந்தது. அதில் பாத்திரத்தைப் படைத்துவிட்டால் ஆட்டக்காரர்க்கு வேறு வேலை இல்லை. பாத்திரம் தானே போரிட்டுத் தானே நிலையேறும். எவர்குவெஸ்ட் போன்றவற்றை நோக்கி எழுந்த அங்கதம் இது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்வங்கதத்தைக் காட்டிலும் சுருக்கமான ஒன்று கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது.

எதிர் வாசிப்புகள்

விரைவை மறுக்கும் வாசிப்புகளும் இப்பனுவலில் தோன்றியுள்ளன. 2012இல் சேர்க்கப்பட்ட பாண்டரென் இனத்துப் பாத்திரம் எக்கட்சியையும் சாராமல் ஒரு தீவில் தொடங்குகிறது. அத்தீவின் கதை முடிந்ததும் இரு பெருங்கட்சிகளுள் ஒன்றைத் தேர்ந்தே வெளியேற வேண்டும். ஆட்டக்காரர் ஒருவர் தேர்வை மறுத்துத் தீவிலேயே தங்கினார். மூலிகை பறித்தும் கனிமம் அகழ்ந்தும் கிடைத்த சிறு புள்ளிகளாலேயே உச்சநிலையை எட்டினார். விரைவு நிலையேற்றத்தின் கணக்கையே கருவியாகக் கொண்டு, போரில் சேர மறுக்கும் ஒரு கதையை அவர் எழுதினார் எனலாம். அக்கதை பனுவலை எழுதியவர் எழுதாதது.

2019இல் பழைய பதிப்பு 'கிளாசிக்' என மீண்டும் வெளியிடப்பட்டது. மெதுவான வழியை விரும்பிப் பலர் திரும்பினர். ஆயினும், பதினைந்தாண்டுக் கால வழிகாட்டி அறிவுடன் திரும்பியவர்க்கு அப்பழைமை பழையவாறு கிட்டவில்லை. 2023 ஆகஸ்டில் வெளியான 'ஹார்டுகோர்' களங்கள் வேறொரு வழியைக் கண்டன. அங்கு இறப்பு மீட்சியற்றது. நிலவறைக்குள் நாளொருமுறையே செல்லலாம் என்னும் வரம்பு பிறவினையைத் தடுக்கிறது. இறந்தால் அனைத்தும் போகும் என்னும்போது, ஒவ்வொரு பகைவரும் ஒவ்வொரு குகையும் கவனத்திற்குரியனவாகின்றன. எழுத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயின், வழி மீண்டும் பொருளுடையதாயிற்று.

நிலை என்னும் எண் தன் பொருளை இழந்தமைக்கு 2020ஆம் ஆண்டுத் திருத்தம் சான்றாகும். 2004இல் 60ஆக இருந்த உச்சநிலை விரிவாக்கந்தோறும் உயர்ந்து 2018இல் 120ஐ எட்டியிருந்தது. 2020இல் 120ஆம் நிலை 50ஆகக் குறைக்கப்பட்டு, புதிய உச்சம் மீண்டும் 60 ஆயிற்று. அதனோடு, பல விரிவாக்கங்களுள் ஒன்றன் கதையை மட்டும் கொண்டு 10இலிருந்து 50 வரை உயரலாம் எனவும் ஆயிற்று. பல காண்டங்களுள் ஒன்றைப் படித்தால் போதும் என்னும் இவ்வேற்பாட்டில் இழப்பும் உண்டு, நன்மையும் உண்டு. தேர்ந்த ஒரு காண்டத்தையேனும் முழுமையாகப் படிக்க அது இடமளிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. விரைவு நிலையேற்றம் முழுவதையும் ஒரே தன்மையதாகக் கொள்ளுதல் பொருந்தாது. தன்வினையாக நிகழும் விரைவு, பனுவலின் அமைப்பை நுணுகி அறியும் வாசிப்பே ஆகும். அது கதையை இழக்கிறது, ஆனால் அறிவை இழப்பதில்லை. பிறவினையாக நிகழும் விரைவில் வாசிப்பு இல்லை. வாசித்தமைக்கான சான்று மட்டுமே பெறப்படுகிறது. அச்சான்றை உழைப்பாளியிடம் வாங்கினும் உரிமையாளரிடம் வாங்கினும் இத்தன்மை மாறுவதில்லை.

வாசகர் விரைவதற்கான காரணம் பெரும்பாலும் பனுவலிலேயே உள்ளது. உச்சநிலைக்குப் பின்னரே மெய்யான ஆட்டம் தொடங்கும் என அமைத்துவிட்டு, வழியை விரும்பிச் செல்க என்று கூறுவது முரண்பாடு. பயன் முழுவதும் இறுதியில் வைக்கப்படின் வழி தடையாகத்தான் தோன்றும். ஹார்டுகோர் களங்களின் பட்டறிவு இதனை மறுதலையாக உறுதிசெய்கிறது.

இம்முடிவு விளையாட்டோடு நிற்பதன்று. பட்டம், தேர்வு, பணிவாய்ப்பு ஆகியவற்றையே இறுதிநிலையாகக் கொண்டு இலக்கியக் கல்வி அமைக்கப்படுமாயின், மூலத்தைத் தாண்டிச் செல்லும் குறிப்புரைகளும், பிறர் எழுதித் தரும் ஆய்வேடுகளும் பெருகுவதில் வியப்பில்லை. குறிப்புரை எழுதுபவரேனும் மூலத்தைப் படித்தவராக இருப்பார். விலைக்கு ஆய்வேடு பெறுபவர் வாயிலில் நின்று புள்ளி பெறும் பாத்திரத்தையே ஒப்பர். மாணவரின் விரைவைக் குறைகூறுவதற்கு முன், வழியில் என்ன வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பாடத்தை வகுப்போர் ஆராய்தல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையின் பாணன் காஞ்சியை அடையும் முன்னரே வழிதோறும் உண்டு செல்கிறான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.